மகிழினியின் கழுத்து

வியாசர்பாடி,
18.12.2005

அன்பு மகன் பீம்ராவுக்கு அப்பா ஜெயவேல் எழுதிக்கொள்வது. ஜெய்பீம். இங்கே நானும் அம்மாவும் சுகம். மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி? தங்கை மகிழினியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், வாயைத் திறக்க முடிவதில்லை.

இந்த மழையில் தண்ணீர் கட்டிலுக்கு மேலே ஏறிவிட்டது. அரிசி, துணிமணி எல்லாம் போயிற்று. நீ வாங்கித் தந்த கம்ப்யூட்டர் மட்டும் பிழைத்தது. டிவி வைக்கிற ஸ்லாப் மேல் ஏற்றி வை, தண்ணீர் தொடாது என்று வாங்கின அன்றே நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

அதன் கீழே கட்டிலில் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்து, அண்ணாந்து பார்த்தபடியே இரண்டு வருஷமாக அவள் எம்.சி.ஏ. படித்தாள். வெயில் காலத்திலும் அதை இறக்க இடம் ஏது? தரையில்தான் நாங்கள் படுக்கிறோம். கழுத்து வலி என்றாள். பக்கத்து வீட்டு அப்பாவு, "குந்திகினு டிவி பாக்குற மாதிரி வேலைக்கு இன்னா வலி?" என்று சிரித்தார். தலையணைதான் காரணம் என்று உன் அம்மா அதைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். இந்த வீட்டில் ஆளுக்கொரு வலி இருப்பதால் அவள் வலி யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

போன மாதம் கிண்டியில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். கம்ப்யூட்டரில் செய்து காட்டச் சொன்னபோது வலது கை விரல்கள் மரத்துப்போய், பாதியில் எழுந்து வந்துவிட்டாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இனி கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்றார். கைக்குப் பழைய பலம் வருமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். எங்கள் ரயில்வே யார்டில், கழித்துவிடப் போகிற ரயில் பெட்டியைப் பற்றி அப்படித்தான் சொல்வோம். கழுத்துக்குப் பட்டை போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், "நைனா, அண்ணங்கைல இத சொல்லிடாத. அது மனசு ஒடஞ்சி பூடும்" என்றாள். சரி என்றேன். வாக்குத் தவறி எழுதுகிறேன் என்றால் காரணம் நீதான். போன ஞாயிறு போனில், பெரிய மானிட்டராக அனுப்புகிறேன் என்றாய். அனுப்பு அண்ணா என்று சிரித்தாள். அன்றைக்குச் சோற்றைப் பிசைய விரல் வளையவில்லை. உன் அம்மாதான் ஊட்டிவிட்டாள்.

அந்த மானிட்டரை அனுப்பாதே. காரணம் ஏதாவது நீயே சொல்லிக்கொள். கடைசிப் பரீட்சை எழுத அவளால் ஆகாது. அது அவளுக்கும் தெரியும்.

வருகிற ஞாயிறு கூப்பிட்டால், படிப்பு நன்றாகப் போகிறது என்பாள். வேலை கிடைத்துவிடும் என்பாள். உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன் மகனே, நம்பினவனைப் போலவே பேசு.

உன் அப்பா,
ஜெயவேல்