துரைக்குச் செய்த கப்பல்

1961 ஆகஸ்டு 7, திங்கள்

மழை விடவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை.

பங்களாத் துரை இன்று தச்சு வேலை செய்கிற என் வீட்டுக்காரரிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார். சீமையிலிருந்து வந்தது. உள்ளே மேசையில் வைக்கிற அளவில் ஒரு மரக் கப்பல் துண்டு துண்டாகக் கிடக்கிறது: நடுப்பலகை, பதினோரு விலாச் சட்டங்கள், மெல்லிய பட்டைகள் ஒரு கட்டு, ஒரு வரைபடம். தானே செய்வதற்கென்று துரை வாங்கியது. கண்ணில் புரை விழுந்துவிட்டது, இனி முடியாது. மார்ச்சில் தன் ஊருக்குப் போவதற்குள் முடித்துக் கொடுத்தால், பள்ளிக்கூடத்து மரப்பட்டறையில் நிரந்தர வேலைக்குக் கடிதம் தருவாராம். பங்களாவை விற்றுவிட்டால் இந்த அவுட்ஹவுசும் எங்களுக்கு இல்லை.

அவர் சரியென்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டம்ளரைப் பிடித்தால் காப்பி சிந்துகிற கை. ஒரு வருஷமாகத் துரையிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம்.

ஆகஸ்டு 9

முதல் சட்டத்தை எடுத்தார். கை நடுங்கி அதன் முனை உடைந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்டு 10

“நீ புடி புள்ள. நான் சொல்லச் சொல்லச் செய்யி” என்றார். ரவிக்கை தைத்துப் பழகிய கை எனக்கு. உளி பிடித்ததில்லை. மத்தியானம் துரை தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். உடைந்த முனையை ஒட்டிவிட்டேன்.

ஆகஸ்டு 22

சட்டங்கள் நேராக நிற்கவே மாட்டேன் என்கின்றன. காலையில் நிமிர்த்தி வைத்தால் மாலைக்குள் சாய்ந்துவிடுகின்றன. இந்த மூடுபனியில் வச்சிரப் பசை காய்ந்தால்தானே. இன்று சலவை சோப்பைச் சதுரமாக அறுத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தேன். அடுப்புக்கு மேலே பலகை போட்டு அதில் தூக்கி வைத்தேன். பதினொன்றும் நின்றன.

“பரவால்ல” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது.

செப்டம்பர் 4

முதல் பட்டையை வைத்துப் பார்த்தால் ஏழாவது சட்டத்தில் வயிறு தள்ளுகிறது. மரத்தை நம்புவதா, வரைபடத்தையா? பதினொன்றையும் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பத்து பொருந்தின. ஏழாவது மட்டும் நகக்கனம் பெரிது. சீமையிலேயே தப்பாக அறுத்து அனுப்பியிருக்கிறார்கள். தேய்த்துக் குறைத்தேன்.

செப்டம்பர் 14

கப்பலின் மூக்கில் மாட்டிக்கொண்டோம். நடு வயிற்றுக்குப் பதினாறு பட்டை வேண்டும். மூக்கிலோ ஒன்பதுக்குத்தான் இடம். மற்றவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வெந்நீரில் ஊறவைத்து அழுத்து, அழுத்து என்கிறார். அழுத்தினேன். இரண்டு உடைந்தன. உபரியாக நான்குதான் இருக்கிறது.

“இப்படி அழுத்துனா எல்லாம் போயிருங்க” என்றேன்.

“எனக்குச் சொல்லிக்குடுக்குறியா நீ?”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19

கண்டுபிடித்துவிட்டேன். பட்டை முழுக்க ஒரே அகலமாக இருந்தால் எப்படிப் பொருந்தும்? பாவாடைத் துண்டை இடுப்பு அகலத்துக்கே கீழேயும் வெட்டுவோமா என்ன? ஒவ்வொரு சட்டத்தின் வளைவுக்கும் ஒரு காகித நாடாவைச் சுற்றி அளவெடுத்து, அதை நான்கு தடவை மடித்தேன். பதினாறு பாகம். அந்த இடத்தில் பட்டை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று காகிதமே சொல்லிவிட்டது. அதன்படி நுனியைச் சீவி வைத்தேன். முதல் பட்டை மூக்குவரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

திரும்பினால் அவரைக் காணோம். இருட்டும் நேரத்தில்தான் வந்தார். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

செப்டம்பர் 23

நான்கு நாள் கழித்து இன்று வாய் திறந்தார். சீவ வேண்டும் என்று அவருக்கு முதலிலேயே தெரியுமாம். “சொல்லல. உனக்கு வரக் கூடாதுன்னு நெனச்சேன்.”

கோபம்கூட வரவில்லை. பட்டைகளை எண்ணி வைத்தேன்.

1962 ஜனவரி 16

பாய்மரம் நிறுத்தி, கயிறும் கட்டியாகிவிட்டது. நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்.

இத்தனை மாதம் எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? நான் ஒழுங்காக ஒட்டிய ஒவ்வொரு பட்டையும் நடுங்குகிற இவருடைய கையைப் பட்டறையின் இயந்திர ரம்பத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. துரையிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“சொல்லு. பொன்னுச்சாமிக்குக் கை போச்சுன்னு நாயுடுபுரம் பூராவும் சொல்லிட்டு வா. அப்பறம் எனக்கு இங்க என்ன சோலி?”

கப்பல் மேசையில் இருக்கிறது. கை தவறியது என்று தள்ளிவிட்டால்? அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன். என்னால் முடியவில்லை. அவருக்காகவா முடியவில்லை? நான் செய்தது என்பதாலா?

ஜனவரி 18

துரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இவருடைய தோளைத் தட்டி ஏதோ சொன்னார். நான் வாசலில் நின்றேன். கடிதம் கிடைத்தது.

ஏப்ரல் 2

துரை போய்விட்டார். இவர் இன்று பட்டறையில் சேர்ந்தார். நாங்கள் பட்டறைப் பக்கத்தில் ஓர் அறைக்கு வந்துவிட்டோம். வெள்ளனே எழுந்து சட்டை தேய்த்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10

ரம்பம். வலது கையில் மூன்று விரல்.

ஏப்ரல் 15

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டறை மேனேஜர் வந்து, இவ்வளவு நுணுக்கமான வேலைக்காரனுக்கா இப்படி என்று வருத்தப்பட்டார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மேனேஜரைக் கும்பிட்டேன். இவர் கை நிற்காது என்று எனக்குத் தெரியும் — எட்டு நாளும் தெரியும் — தெரிஞ்சுதானே அனுப்பினேன்? சோத்தைக் கட்டிக் குடுத்து அனுப்பினேனே.

ஜூன் 3

மலையிலேயே உள்ளே தள்ளி இருக்கிற போளூர். இவருடைய அக்கா அழகம்மாள் வீடு. சாமான் எல்லாம் இரண்டு மூட்டைக்குள் அடங்கிவிட்டது. நாளையிலிருந்து பூண்டுக் காட்டுக்கு நானும் போக வேண்டும்.

ஜூலை 19

அவர் பேசி இன்றோடு பதினோரு நாள்.

செப்டம்பர் 30, ஞாயிறு

வெயில் அடித்தது. அக்கா வீட்டுக்காரர் திருமலைச்சாமி அண்ணன் காட்டிலிருந்து வந்தார். பூண்டு காயப்போடும் பரணில் இரண்டு சட்டம் இறங்கிவிட்டது. கையை அசைக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நின்று எப்படித் தூக்கி நிறுத்துவது என்று யோசனை சொன்னால் போதும் என்று இவரைக் கூப்பிட்டார்.

இவர் சொன்னார்: “அவளக் கூட்டிட்டுப் போங்க மாமா. தொரை வீட்டுக் கப்பலச் செஞ்சது அவதான். நான் இல்ல.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இவர் துண்டால் கையை மூடிக்கொண்டார்.

உளியை எடுத்துக்கொண்டு நான் அண்ணனுக்குப் பின்னால் போனேன். சாயங்காலம்வரை வேலை இருந்தது. திரும்பி வந்தபோது எனக்குக் கைகழுவ இவர் செம்பில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். இடது கையால் கொண்டு வந்திருக்கிறார்; வாசல்வரைக்கும் வழியெல்லாம் சிந்தியிருந்தது.