தம்பியின் காய்ச்சலும் இரண்டு மாத்திரைக்காரிகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வயிற்றெரிச்சல் விடவில்லை.

உன் தம்பிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் நீ என்ன செய்தாய்? கீழே அம்மாவுக்கு ஒரு போன், மாடியில் அத்தைக்கு ஒரு போன். துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போட்டு இருவரும் முகம் பார்ப்பதே இல்லை என்று தெரிந்தும், நீங்கதான் பார்த்துக்கணும் என்று இருவரிடமும் சொல்லி வைத்தாய். அப்புறம் கேட்க வேண்டுமா? அம்மா காய்ச்சல் மாத்திரை கொடுத்து, ஜன்னலையெல்லாம் சாத்தி, கொதிக்கிற உடம்பைக் கம்பளியில் மூட்டை கட்டிவிட்டுக் குளிக்கப் போவாள். அவள் தலை மறைந்ததும் அத்தை இறங்கி வந்து, சளிக்கென்று தான் வைத்திருக்கும் மாத்திரையைக் கொடுப்பாள். இரண்டிலும் இருப்பது ஒரே காய்ச்சல் மருந்து, பெயர்தான் வேறு. அட்டையைத் திருப்பிப் படித்தால் கண் அவிந்தா போகும்? நான் கடையில் சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன், என்னிடம் சொல்ல ஒரு நாதி இல்லை. பிள்ளை வாந்தி எடுத்துத் துவண்ட பிறகுதான் கூப்பிட்டார்கள்.

எடைக்குத் தக்க அளவு, இடைவெளி விட்டு, ஒரே ஆள் கொடுக்கணும், மெல்லிசாத் துணி போட்டுத் தண்ணி குடிக்க வைக்கணும், இதைவிட்டு ஈரலைக் கெடுக்கப் பார்த்தீங்களே என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை வாங்கு வாங்கு என்று வாங்கினார். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பெஞ்சின் இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் அத்தை, நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான். நல்லவேளை, ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏண்டா ரெண்டையும் முழுங்கினே, வாயில்லையா என்று அவனைக் கேட்டேன். அம்மா குடுத்தாச்சுன்னு சொன்னா அத்தை முகம் வாடிடும், அத்தை குடுத்தாங்கன்னு சொன்னா அம்மா சாப்பிட மாட்டாங்க, மாத்திரைதானேப்பா என்றான். கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அம்மாவும் அத்தையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, இருவருக்கும் ஆளுக்கு ஒரு அறை வைக்கலாம் என்றும் வந்தது.

இப்போது மாத்திரை டப்பா என் தையல் மெஷின் இழுப்பறையில், சாவி என் இடுப்பில். இனி போன் செய்தால் எனக்குச் செய். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நேற்று அத்தை வாசலில் நின்று, குடுத்தாச்சா என்று அம்மாவைக் கேட்டாள். இப்பதான் அவர் குடுத்தார் என்றாள் அம்மா. இந்த இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள அந்தப் பிள்ளை சாகக் கிடக்க வேண்டியிருந்ததா, நீயே சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா