பட்டைத்தலை வாத்து, பூஜ்யம்

மைசூர்,
20-1-1998, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் காவேரிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அபூர்வாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கச் சாமுண்டித் தாயை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதப் போவதில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. பதறாதே, உட்கார்ந்து முழுக்கப் படி. உன்னிடம் சொல்லவே கூடாது என்று நவம்பரிலேயே என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார், அந்தச் சத்தியத்தைப் போன ஞாயிறு அவரே திருப்பி எடுத்துக்கொண்டார். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சங்கராந்தி வழக்கம்போல நடந்தது, பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒரு படி பொங்கல் வைத்தேன், கரும்பு வாங்கினேன், கடிக்கத்தான் இரண்டு பேருக்கும் பல் இல்லை. பக்கத்து வீட்டு மல்லம்மா எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளுபெல்லாவும் சர்க்கரை அச்சும் தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காவேரி யாவாக பர்த்தாளெ, எப்போது வருவாள் என்று வாசலிலேயே நின்று கேட்டாள். நான் இந்த டிசம்பரில் என்றேன். போன வருஷமும் அதையேதான் சொன்னேன், அதற்கு முந்தின வருஷமும் அதுதான். அவள் நல்ல மனுஷி, எந்த டிசம்பர் என்று கேட்கவில்லை.

அப்பா கதைக்கு வருகிறேன். வொர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டின நாளிலிருந்தே இவருக்குக் கெரெ பைத்தியம், ஏரிக்கரையே கதி, உனக்குத் தெரியாததா. ஞாயிறு என்றால் மற்ற வீடுகளில் ஆம்பளைகள் கறி வாங்கி வருவார்கள், இவர் கால் நிறையச் சேறு வாங்கி வருவார். அந்தப் பறவைகளைச் சக்களத்திகள் என்று நான் திட்டாத வருஷம் உண்டா. வனத்துறை அந்தக் கெரெயைச் சுற்றி வேலி போட்டுப் பறவைகளுக்கு என்று போர்டு வைத்த அன்றைக்கு, ஏதோ தன் பேருக்குப் பட்டா கொடுத்த மாதிரி வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னாரே, நினைவிருக்கிறதா. ஜனவரி இரண்டாம் ஞாயிறு எல்லாக் கெரெயிலும் ஒரே காலையில் பறவைகளை எண்ணுவார்கள் இல்லையா, அதில் நம் கெரெயின் மேற்குக் கரை பதினாலு வருஷமாக இவருடையது. இவர் எண்ணிச் சொல்வார், இவர் கூட்டாளி காளியப்பன் எழுதுவார். எண்ணுகிறவன் பென்சிலைத் தொடக் கூடாது, எழுதுகிறவன் வாயைத் திறந்து எண் சொல்லக் கூடாது, அது இவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று காளியப்பனுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

தீபாவளி கழிந்ததும் காளியப்பன் ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும் முன்னால் விடைபெற வந்தவர் சமையல்கட்டு வரைக்கும் வந்து, அண்ணிங்க, ரெண்டு வருசமா அண்ணன் பைனாகுலரக் குத்தம் சொல்றாருங்க, ஒருக்கா அதக் கடையில காட்டிப் போடுங்க என்றார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நீ அனுப்பிய பைனாகுலரைத்தான் சொல்கிறேன். மைசூர் மழைக்கு உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டது, ஓரமெல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்று இவர் துடைப்பதும் வெயிலில் வைப்பதுமாகத்தான் இருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் சிரித்துக்கொண்டு கேலி பேசியிருக்கிறேன் கண்ணு. அந்த வாயை இப்போது என்ன செய்தால் தகும். தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் அதைக் கண்ணில் வைத்து எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக்கடையின் போர்டைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். இதில் ஒரு தூசிகூட இல்லையே சார் என்றார். இவர் வாங்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு மெதுவாக உறையில் போட்டு மூடினார். பஸ்ஸில் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டதும், காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றியதும், சைக்கிள் வேண்டாம் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொன்னதும் எல்லாம் எனக்கு அந்த பஸ்ஸில்தான் வரிசையாகப் புரிந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி உள்ளே நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம், நடுவில் கொஞ்சம் தெரிகிறவரை மனுஷனுக்குத் தெரியாதாம். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் புல்லாங்குழல் துளை வழியாகப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறது. போனதைக் கொண்டுவர முடியாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம், ஒரு வருஷம் நிற்கலாம், அதற்கு முன்னாலும் போகலாம் என்றார். காலை மாலை நான்தான் மருந்து விடுகிறேன். அபூர்வா போட்டோவை ஜன்னலோரம் எடுத்துப்போய் இப்படியும் அப்படியும் நகர்த்தி முகத்தைத் தேடுகிறார், கிடைத்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இந்த வருஷம் எண்ணப் போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். நீ வந்து எழுது புள்ள, நான் எண்ணறேன் என்றார். ஒரு சால்வை, ஒரு பிளாஸ்க், பென்சில், கணக்கு எழுதுகிற பாரம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இத்தனை வருஷம் சக்களத்தி வீட்டு வாசலை மிதிக்காதவள் மிதித்தேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. அவர் கண்ணில் பைனாகுலரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், பிறகு என் கையில் கொடுத்துவிட்டார். எண்ணுகிறவர் அவர் என்று பேர், கண் என்னுடையது. கறுப்பாக, நெற்றியில் வெள்ளையாக என்றால் நாமக்கோழி என்பார், பத்துப் பத்தாகக் கட்டி எண்ணச் சொல்வார். காலெல்லாம் சிவப்புக் குச்சி என்றால் நெடுங்கால் உள்ளான் என்பார். ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது, உள்ளபடி சொல்கிறேன் காவேரி, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் கோரைப்புல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பட்டைத்தலை இருக்கா பாரு என்றார். உன்னை ஆறு வயதில் தோளில் தூக்கிப்போய்க் காட்டினாரே, தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து, இமயமலைக்கு மேலே பறந்து வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதுதான். போன வருஷம் முப்பத்தேழு. நான் மூன்று தடவை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன், அப்புறம் என் வாயிலிருந்து இல்லை என்று வரவில்லை. இருக்குதுங்க என்றேன். எத்தனை என்றார். முப்பத்தொண்ணு என்றேன். என்ன பண்ணுது என்றார். சும்மா நீந்துதுங்க என்றேன். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், சரி எழுதிக்க என்றார்.

சாயங்காலம் அந்தப் பாரத்தை வாங்க மனிஷா ஸ்கூட்டரில் வந்தாள், காலேஜில் படிக்கிற பெண், எல்லாக் கரைக் கணக்கும் சேர்த்து அனுப்புகிறவள் அவள்தான். கொடுப்பதற்கு முன்னால் முழுக்க ஒருதரம் படி புள்ள என்றார். படித்துக்கொண்டே வந்தேன், வாத்து இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அத அழிச்சுட்டுப் பூஜ்யம் போடு என்றார். நான் ஏனுங்க என்றேன். முப்பத்தொரு பட்டைத்தலை ஒரு கெரெயில எறங்கினா வாய மூடிட்டு நீந்துமா புள்ள, சந்தைக் கூட்டமாட்டம் கத்தும், கண்ணுதான் போச்சு காது போகல என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கோபித்திருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தேறியிருப்பேன். வராததை வரலைன்னு எழுதறதும் கணக்குதான், அது நான் தாங்குவேன், வந்துதுன்னு எழுதினா பதினாலு வருசமும் பொய்யாப் போயிரும் என்றார். நான் ரப்பரால் அழித்துப் பூஜ்யம் போட்டேன், காகிதம் அந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அவர் மனிஷாவிடம், அடுத்த வருசம் மேக்குக் கரைய வேற யாருக்காச்சும் குடுத்துரும்மா என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். நான் அடுப்படியில் போய் அழுதேன்.

இது பதினொன்றாம் தேதி. போன ஞாயிறு நீ கூப்பிட்டாய். இந்த டிசம்பர் கண்டிப்பா வரேன்ப்பா என்றாய், சரி கண்ணு என்றார். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பினார். அவ வரமாட்டா புள்ள, வர்றவ டிக்கெட்டு தேதின்னு பேசுவா, என்ன வாங்கியாரட்டும்னு கேப்பா, இப்படி ஒத்த வார்த்தையில பேச மாட்டா என்றார். பிறகுதான், சத்தியம் வேண்டாம், கண்ணப் பத்தி எழுதிரு, தெரிஞ்சுட்டு அவ முடிவு பண்ணட்டும் என்றார். நீயும் நானும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம் காவேரி, இரண்டு பேரும் அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்துத்தான் செய்தோம். மாப்பிள்ளை விசா காகிதம், உன் வேலை, கைக்குழந்தை, உன் கஷ்டம் எனக்குத் தெரியும், நான் குறை சொல்லவில்லை. வர முடியும் என்றால் டிசம்பர் வரைக்கும் காத்திருக்காதே, அபூர்வா முகத்தை அந்தத் துளை வழியாக ஒரு தடவை அவர் பார்க்கட்டும். முடியாது என்றால் முடியாது என்று எழுது, நானே சத்தம் போட்டுப் படித்துக் காட்டுகிறேன். வரேன் என்று மட்டும் சும்மா சொல்லாதே அம்மா.

குளிரில் குழந்தையை வெளியே கூட்டிப்போகாதே, காதுக்குக் குல்லாய் போடு. உனக்கும் நாற்பது நெருங்குகிறது, இது அப்பா வழியில் வருகிற நோயாம், மறக்காமல் போய்க் கண்ணைக் காட்டிக்கொள், இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே. மூன்று பேரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சுலோசனா

கடிதத்தை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டினேன். இல்லாதது எதையும் எழுதலையே என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போடக் கீழே இடம் விட்டிருந்தேன், அவர் காகிதத்தைத் தடவிப் பார்த்து மேலே போட்டுவிட்டார். டிசம்பர் வரைக்கும் காத்திருக்காதே என்ற வரியின் மேல் கோணலாக ஓடுகிறதே, அது அப்பா கையெழுத்து. நான் தடுக்கவில்லை.