மெலிந்துபோன சின்னம்

அன்புள்ள மகாராணிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு வெட்கக்கேட்டைக் கேள். எங்கள் அச்சாலையில் நேற்று பிஸ்கட் பெட்டிமேல் கம்பெனிச் சின்னம் வெளிறிப்போய் விழுந்தது. மை தீர்ந்துவிட்டதென்று டப்பா டப்பாவாக ஊற்றிவிட்டேன். சின்னத்தைப் புதிதாக வரைந்த பெண் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அய்யோ அண்ணே, அது அப்படித்தான்! கோடு மெலிசு, ஒரே நிறம். மை கம்மியா செலவாகும், பழைய பெட்டிய சுலபமா திரும்பக் காகிதமாக்கலாம். பூமிக்கு நல்லதுண்ணே.”

“பூமிக்குச் சரிம்மா. நாலு நிறத்துக்கு நாலு பேர் நிக்கிறோமே, எங்களுக்கு?”

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது, என் மை வேலையே போய்விடுமென்று. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நகத்தில் மையோடு வந்தவன் நான்!

பயப்படாதே, வேலை போகவில்லை. என்னைப் பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே அச்சு இயந்திர இரைச்சல் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. இனிமேல் போனில் அடுப்படியிலேயே நின்று பேசு. நீ பாத்திரம் உருட்டும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்பு. இன்று காலை பசையில் என் சட்டைக்கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. கத்தரித்து என்னை விடுவித்தார்கள். பெட்டி சட்டைக்கையோடு லாரி ஏறிவிட்டது.