மேல்வானத்துச் சூடும் மாமாவின் கன்றுகளும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பெரிதாக ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ மாமாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், வானிலை ஆபீசில் தினமும் காலையில் நான் பறக்கவிடும் பலூன் ஒரு விசித்திரமான கணக்கை அனுப்பியது. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் எழுபது டிகிரியில் இருந்த காற்று நாலே நாளில் மைனஸ் இருபத்தைந்துக்கு ஏறிவிட்டது, மேற்கிலிருந்து வீச வேண்டியது கிழக்கிலிருந்து வீசியது. கருவிக் கோளாறோ என்று மறுநாள் புதுக் கருவி கட்டி விட்டேன், அதுவும் அதையேதான் சொன்னது. துருவத்துக் குளிரைச் சுற்றி வேலி போட்டு நிற்கிற மேல்காற்று உடைந்தால்தான் அங்கே இப்படித் திடீரென்று சூடேறும். வேலி போனால் இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் குளிர் வடக்கே தள்ளியிருக்கிற நம் ஊர்ப் பக்கம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அறிக்கையில் 'லாம்' என்றுதான் போட முடியும். கூடப்பிறந்தவர் என்பதால் மாமாவிடம் மட்டும் 'லாம்' இல்லாமல், "அண்ணே, தோட்டத்து மரக்கன்னுங்கள மூடி வைங்க" என்றேன். அவரும் அத்தையும் முதுகொடிய மூன்று நாள் பாடுபட்டுத் தோட்டம் முழுக்கத் தடித்த துணி கட்டினார்கள்.

கட்டி முடித்தால் வெயில்! பக்கத்துத் தோட்டக்காரர், "உங்க தங்கச்சி வானத்துல ஏணி போட்டுப் பாத்தாங்களோ" என்று கேட்டாராம். துணி கட்டிய பன்னிரண்டாம் நாள் மாமா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், கையில் பழுத்த இலைகள். வெளிச்சமில்லாமல் எல்லாம் இப்படி ஆகிறது, "வைன்னா வைக்கிறேன், எடுன்னா எடுக்கிறேன், ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா" என்றார். மேல்காற்று இன்னும் பழைய திசைக்குத் திரும்பவில்லை, குளிர் இறங்கும் அபாயம் போகவில்லை என்று அன்று காலையில்கூடப் பார்த்திருந்தேன். ஆனால் ஆபீசில் லீவில் போனவளின் வேலையையும் சேர்த்துப் பார்த்த வாரம் அது, முட்டி வலி வேறு, கிண்டல் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "எடுத்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, உள்ளேயே உறைந்திருந்தது. போட்டது போட்டபடி தோட்டத்துக்கு ஓடினேன். மூன்று வருஷம் வளர்த்த கன்றுகள் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கின, அத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். மாமா திட்டவில்லை. "வானத்த நீ என்னம்மா பண்ணுவே" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளிர் இன்னும் வரலாம் என்று தெரிந்தேதான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். மாமா கறுத்த இலை ஒன்றைக் கிள்ளிக் கீழே போட்டார். "இத சொல்லாமயே இருந்திருக்கலாமே" என்று உள்ளே போனவர்தான், மூன்று வாரமாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

நேற்றுக் காலை ஆபீஸ் போன் அடித்தது. "தோட்டத்துலேருந்து பேசறேன், மேல்காத்து திரும்பிடுச்சா?" என்றார். இன்னும் இல்லை, பத்து நாளாவது ஆகும் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். வழக்கம்போல 'ம்மா' என்றும் கூப்பிடவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஆனாலும் என்னைத்தான் கேட்டார்.

எந்தக் குறையும் அண்டாமல் இரண்டு பேரும் நன்றாக இருங்கள். காதை மூடாமல் வெளியே போகாதே. மாமாவுக்கு ஒரு போன் போடு, கன்றுகளைப் பற்றி எடுக்காதே, சும்மா பேசு.

உன் அம்மா