அணு உலையும் அக்கா தம்பியும்

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். மாமா சுகம். அத்தைக்கு மூச்சு முன்பு போலத்தான், வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்பதை நீ அனுப்பும் கட்டைவிரல் படங்களிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம், இவ்வளவு படித்த பெண்ணுக்கு ஒரு விரல்தான் எழுத வருகிறது என்று அம்மா சொல்கிறாள். நம் மாநிலத்துக்கு அணுமின் நிலையம் வரப்போகிறதாமே என்று கேட்டிருந்தாய். மாநிலத்துக்கு வருமா என்று எனக்குத் தெரியாது கண்ணு, நம் வீட்டுக்கு வந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் நான் பேசப் பேச உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்துகிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்கிறோம் என்று அரசாங்கம் ஒரு குழு போட்டது. போட்டதுதான் தாமதம், உன் அம்மா வேண்டாம் கட்சியில் சேர்ந்துவிட்டாள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் யாரை அதட்டுவது என்று தெரியாமல் இருந்தவளுக்கு ஒரு கூட்டமே கிடைத்துவிட்டது. ஆனால் அவள் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் புற்றுநோய் வார்டில் நின்றவள். "கதிர்வீச்சை மருந்தா குடுக்கும்போதே அளந்து அளந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுதான் குடுக்கறோம், இவங்க அதைக் குவிச்சு வச்சு கொதிக்க வைக்கப் போறாங்களாம், மிச்சம் விழற குப்பையை எந்தத் தலைமுறை காவல் காக்கும்" என்று கேட்கிறாள். உன் மாமாவோ மின்வாரியத்தில் இருக்கிறவன், வேண்டும் கட்சி. அவனுக்கும் காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் நிலக்கரி மின்நிலையத்துக் குடியிருப்பில் இருந்தார்கள் அல்லவா, கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். அத்தையின் நுரையீரல் கெட்டது அதனால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, மாமா உறுதியாகச் சொல்கிறான். "அணுவைப் பார்த்து எல்லாரும் பயப்படறாங்க, புகையைப் பார்த்து ஒருத்தனும் பயப்படல, அக்கா. புகை தினமும் கொல்லுது, சத்தம் போடாம" என்றான். அன்று சாப்பாட்டு மேஜையில் தொடங்கிய சண்டை, அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றது. நான் தபால்காரன் ஆனேன். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அந்த ஆளை உப்பைத் தள்ளச் சொல்லுங்க" என்பாள் இவள். "அத்தான், உப்புல கதிர்வீச்சு இல்லையான்னு பார்த்துக்கச் சொல்லுங்க" என்பான் அவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கடையிலும் அதே கதிதான். ஊரில் பேனர் கடை நம்முடையது ஒன்று, இரண்டு கட்சிக்கும் நான்தான் அடித்துக் கொடுக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, கம்ப்யூட்டரில் தேடி, பல்லில்லாமல் சிரிக்கிற அதே குழந்தைப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றில் "என் எதிர்காலத்தை எரிக்காதே" என்று சிரித்தது, இன்னொன்றில் "என் எதிர்காலத்துக்கு ஒளி கொடு" என்று சிரித்தது. நான் இரண்டையும் அடித்துக் கொடுத்தேன். இப்படி நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது வேண்டாம் கட்சியின் செயலாளர், அந்த டியூஷன் வாத்தியார், ஒரு வாசகம் கொண்டு வந்தார். உன் மாமாவின் படத்தைப் போட்டு, "விலைபோன அதிகாரியே, உன் விலை என்ன?" என்று பெரிய எழுத்தில் அடிக்க வேண்டுமாம். எனக்குக் கை ஓடவில்லை. அடித்தால் மச்சான் போச்சு, அடிக்காவிட்டால் இவர் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வார். மை தீர்ந்துவிட்டது என்று ஏதோ உளறினேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா கடைக்குள் வந்தாள். திரையில் தம்பியின் முகத்தையும் கீழே இருந்த எழுத்தையும் படித்தாள். வாத்தியார் பெருமையாக, "எப்படி இருக்கு மேடம்" என்றார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "சார், இவன் சொல்றது தப்பு. அதை எங்க வேணா ஏறிச் சொல்வேன். ஆனா இவன் விலைபோனவன் இல்ல. சின்ன வயசுல இவனைச் சும்மா எடுத்துக்கோங்கன்னு குடுத்தாக்கூட ஒருத்தரும் வாங்கல, இப்ப யாரு காசு குடுத்து வாங்கப் போறா? இதை அடிச்சீங்கன்னா நான் உங்க கட்சியில இல்ல" என்றாள். வாத்தியார் போய்விட்டார். அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "எவ்வளவு இளைச்சிருக்கான் பாருங்க" என்றாள். நான் சொன்னதாக மாமாவிடம் சொல்லிவிடாதே.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் நடந்தது. மாமா பேசி முடித்து, அம்மா மைக் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினாள், ஊருக்கே கரண்ட் போய்விட்டது. நம்ப மாட்டாய், இருட்டில் ஒரு குரல் "எதிரணிக்காரன் ஃபியூஸைப் புடுங்கிட்டான்" என்று கத்த, இன்னொரு குரல் "இதுக்குத்தாண்டா அணு வேணும்கிறோம்" என்று பதில் கத்தியது. ஹாலே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். அத்தை வீட்டில் தனியாக, மூச்சு இயந்திரத்தில். வீட்டு பேட்டரி பழசு, அதிக நேரம் தாங்காது. மாமா போன் போட்டுப் பார்க்கிறான், மணி அடிக்கிறதே தவிர எடுக்கவில்லை. அம்மா குறிப்புத் தாள்களை அப்படியே கீழே போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தாள், ஆமாம், அந்த முழங்காலோடு. "ஆக்சிஜன் சிலிண்டர் எங்கடா வச்சிருக்கே?" இத்தனை வாரத்துக்குப்பின் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "கட்டிலுக்குக் கீழ, அக்கா" என்றான்.

என் கடை வேனில்தான் ஓடினோம். வழியெல்லாம் அவள் சிலிண்டரைத் திறக்கும் முறையைச் சொல்லிக்கொண்டே வர, அவன் தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வர, நான் வேகத்தடையைக்கூடப் பார்க்கவில்லை, உன் அம்மாவே திட்டவில்லை என்றால் பார்த்துக்கொள். கதவைத் திறந்தால் அத்தை, தானே சிலிண்டரை இழுத்து, குழாயை மாற்றி மூக்கில் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. போனை ஏன் எடுக்கவில்லை என்று மாமா கேட்டதற்கு, "மூச்சு விடறதா, உங்க போனை எடுக்கறதா?" என்றாள். பிறகு அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல வந்திருக்கீங்க, அப்ப நான் இன்னும் கொஞ்சம் மோசமா இருந்திருக்கலாம்" என்றாள். அம்மா அவள் நாடியைப் பிடித்தபடியே அழுதுவிட்டாள். மாமா சமையலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீர் குடித்தான்.

அதனால் ஒருவர் மனம் ஒருவர் பக்கம் மாறிவிட்டது என்று நினைக்காதே. மறுநாளே அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சண்டை மறுபடி தொடங்கிவிட்டது, என் வழியாக இல்லாமல் நேரடியாக, அது ஒன்றுதான் முன்னேற்றம். அந்தச் சண்டையில்தான் உன் குட்டு உடைந்தது. "என் மருமகளே என் பக்கம்தான்" என்று மாமா போனை நீட்டினான், "என் பொண்ணு எனக்கு என்ன எழுதியிருக்கா பாருடா" என்று அம்மா தன் போனை நீட்டினாள். இரண்டிலும் "நீங்க சொல்றதுதான் சரி" என்று இருந்தது, ஒரே நாளில் அனுப்பியது. இருவரும் சேர்ந்து உன்னைத் திட்டிய திட்டில் அத்தைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நீ என் மகள்தான் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. பேனர் கடையை உன் பேருக்கே எழுதிவிடலாம்.

நம் ஊர்க் கூட்டம் வேறொரு நாளில் நடந்து முடிந்தது. அம்மா குறிப்பில்லாமலே பேசினாள், கைதட்டல் கிடைத்தது. குழு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனது, முடிவு இன்னும் வரவில்லை. இப்போது அடுத்தடுத்த ஊர்களில் கூட்டம் நடக்கிறது, இரண்டு பேரையும் பேசக் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, மாமாவுக்குத் தனியாகப் போனால் தூக்கம் வரும். எனவே ஒரே காரில் போகிறார்கள். போகும்போது சண்டை, வரும்போது அந்தச் சண்டையின் பாக்கி. வேண்டாம் கட்சிக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஹாலுக்கு ஒரு தெரு முன்னாலேயே அம்மா இறங்கிக்கொள்வாளாம். போகிற அன்றெல்லாம் அத்தைக்குத் துணை நான். இன்றும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள், "பெல்ட்டைப் போடு அக்கா", "நீ முதல்ல ரோட்டைப் பாரு" என்ற சத்தம் தெருமுனை வரை கேட்டது. இந்தக் கடிதத்தை அத்தை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீ எந்தப் பக்கம் அப்பா என்று நீ கேட்பாய். ஒருநாள் அம்மா சொல்வது சரி என்று படுகிறது, மறுநாள் மாமா சொல்வது. கடைக்காரன் புத்தி என்று நீ சிரிப்பாய், சிரி. ஆனால் பயப்படுகிறவளும் நம் வீட்டு ஆள், மூச்சுக்குக் கரண்ட் வேண்டியவளும் நம் வீட்டு ஆள் என்னும்போது எனக்குச் சட்டென்று கை தூக்க வரவில்லை. சற்று முன் அத்தையிடம் கேட்டேன், உனக்கு யார் ஜெயிக்கணும் என்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. "ரெண்டு பேரும் சீக்கிரம் ஜெயிச்சுடாம இருந்தாப் போதும் அண்ணா. இந்த வீட்டுல இவ்வளவு பேச்சுக் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு கெட்டுப்போகாது. அத்தைக்கு மட்டும் தனியாக ஒரு போன் போடு, அவள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். நீ நினைத்தது நடக்கட்டும், நிம்மதியாகத் தூங்கு, நாங்கள் எல்லோரும் உன் நினைவாகவே இருக்கிறோம்.

என்றும் உன் நலம் நாடும்,
எந்தக் கட்சியிலும் சேராத
அப்பா