செயலர் நின்றுவிட்ட காற்புள்ளி

வாசகசாலைச் சுவரில் நான் ஒட்டியிருந்த அட்டையை இன்று தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறையைக் கிழித்ததும் அறை முழுவதும் உங்கள் தோல் பட்டறையின் வாசனை. அதை ஒட்ட நான் பயன்படுத்தியது நீங்கள் கொடுத்த தோல் பசை. காகிதப் பசை போதாதா என்று முன்பொரு முறை கேட்டதற்கு, "பெல்ட்டே பிரியாது வே, ஒம்ம காயிதமா பிரியப் போவுது?" என்றீர்கள். பிரியவில்லை. சுவரின் சுண்ணாம்புப் பொருக்கு அட்டையின் முதுகோடு பெயர்ந்து வந்திருக்கிறது.

உடன் செயலரின் கடிதம். "விதி பதினொன்று: வாசகசாலைச் சுவரில் உறுப்பினர் எவரும் எதையும் ஒட்டலாகாது." அவ்வளவுதான். அந்த விதியை எழுதியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே என்னை "ரூல்தடியாரே" என்று அழைத்தீர்கள்? ஐம்பது வயதுவரை விதிக்குப் பணிந்தே வாழ்ந்துவிட்டேன். பாய், இந்த முறை பணிவதாக இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் மாட்டுங்கா வாசகசாலையில் ஒரு வக்கீல் நோட்டீசை என் முன் விரித்தீர்கள். தாராவியில் உங்கள் சந்தில் பதினொரு தோல் பட்டறைகள். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும், பதினைந்து நாட்களுக்குள் ஆட்சேபம் வந்தாலொழிய. இடத்துச் சொந்தக்காரரின் ஆங்கில நோட்டீஸ் அவ்வளவே சொன்னது. சந்தில் எல்லோர் கண்ணிலும் 'வெகேட்' பட்டது, 'அன்லெஸ்' படவில்லை. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்த உங்கள் கண்ணிலும் படவில்லை. இரண்டு குடும்பங்கள் தையல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு குர்லாவுக்குப் போன பிறகு, பதினேழாம் நாள்தான் கண்டீர்கள். மீதி ஒன்பது பேரும் சொந்தக்காரர் வாசலில் நின்று, அவர் இரக்கத்தில் தங்கினீர்கள்.

"அடுத்த நோட்டீசுக்கு எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன் வே. நானே வக்கீலுக்குப் படிக்கப் போறேன்."

மாலை நேரச் சட்டக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு உண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். உங்களுக்கு நாற்பத்து நான்கரை. ஆகவே ஒரே வாய்ப்பு. உங்களைப் பயமுறுத்தியது ஆங்கிலத்தில் வாசித்து விடை குறிக்கும் பகுதி: முப்பது நிமிடம், ஐந்து பத்திகள், இருபத்தைந்து கேள்விகள். என் கைக்கடிகாரத்தை மேசையில் வைத்து நடத்திய முதல் ஒத்திகையில், நேரம் முடிந்தபோது நீங்கள் மூன்றாம் பத்தியின் நடுவில் இருந்தீர்கள்.

என்னிடம் விதி இருந்தது. "முதல்ல பத்திய ரெண்டு தரம் முழுசாப் படிங்கோ பாய். அப்புறம்தான் கேள்வி."

"எங்க போகணும்னு தெரியாமயே ரயில்ல ஏத்தி விடுதீரே. எந்த வண்டி எங்க போவுதுன்னு இண்டிகேட்டர் பலகையப் பாத்துட்டுத்தான வே ஏறுதோம்? கேள்விதான் இண்டிகேட்டரு."

"எல்லா வரியும் முக்கியம் பாய்."

"நீரு மாட்டுங்காக்காரரு. ஒம்ம ஸ்டேஷன்ல ஃபாஸ்ட் வண்டி நிக்காது. அதான் வரிக்கு வரி நிக்கச் சொல்லுதீரு."

அடுத்த மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம். ஆனால் கேள்வியை முதலில் பார்த்த அன்று, அதே முப்பது நிமிடத்தில் மூன்றரைப் பத்தி முடித்தீர்கள். கடிகாரம் என்னுடையது, மறுக்க முடியவில்லை.

இன்னும் ஒன்றரைப் பத்தி எட்டவில்லை. அப்போதுதான் உங்கள் விரலைக் கவனித்தேன். அது வரியின் கடைசிவரை ஓடி, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்தது. ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துக்கொண்டிருந்தீர்கள். சொன்னதும் விரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

"நம்ம பாஷையில வினைச்சொல்லு கடைசியில நிக்கும்லா. கை தானா அங்க தேடிப் போவுது. இங்கிலீஷ்காரன் அத முன்னாலயே சொல்லிட்டுப் போயிட்டான். நான் வால்லேருந்து தலைக்கு வாரேன்."

மறு ஞாயிறு ஒரு சாண் நீளத் தோல் பட்டையுடன் வந்தீர்கள். படித்து முடித்த வரியை அதனால் மூடிக்கொண்டே கீழே இறங்கினீர்கள். திரும்பிப் பார்க்க வரி இல்லை, விரல் தவித்தது, நீங்கள் விடவில்லை. ஆறு வாரம். 'பட்', 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்' என்று பொருளைத் திருப்பும் சொல் வந்தால் நீலப் பென்சிலால் வட்டம். "இங்கதான் தண்டவாளம் மாறுது" என்பீர்கள். பிடிபடாத பத்தியை விட்டு அடுத்ததற்குத் தாவ மட்டும் நான் ஒப்பவே இல்லை. "விட்ட வண்டிக்காக பிளாட்பாரத்துல அழுதுக்கிட்டே நின்னா, அடுத்த வண்டியும் போயிரும்" என்றீர்கள்.

தேர்வு அறைக்குள் பட்டையைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் உள்ளங்கையால் மூடிப் படித்தீர்களாம். வெளியே வந்து, "ரெண்டு நிமிசம் மிச்சம் வே" என்றீர்கள். இடம் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டில் அடுத்த நோட்டீஸ் வந்தது. அன்று நான் உங்கள் பட்டறையில் இருந்தேன். நின்றபடியே, ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்தீர்கள். 'அன்லெஸ்'ஸைச் சுற்றி நீல வட்டம் போட்டு, ஒன்பது பேரையும் அழைத்துத் தொட்டுக் காட்டினீர்கள். நான்காம் நாள் ஒன்பது ஆட்சேபங்களும் போய்ச் சேர்ந்தன. சந்து இன்றும் இருக்கிறது.

நீங்கள் இல்லை. மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் உங்கள் இதயம் நின்றது.

நுழைவுத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகிறவர்கள் வாசகசாலைக்கு வருகிறார்கள். நாம் கண்ட நான்கையும், முதலில் கேள்வி, படித்த வரியை மூடு, திருப்பும் சொல்லுக்கு வட்டம், பிடிபடாத பத்தியைத் தாண்டு என்று, தமிழில் அட்டையில் எழுதி அவர்களுக்காக ஒட்டினேன். சென்ற வாரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான செயலர் அதைப் பேச்சுக்கு எடுத்தார்.

"படிப்புன்னா முழுசாப் படிக்கணும் சார். இது பரீட்சைக்குத் திருட்டு வழி. அந்தத் தோல்கடை பாய் கடைசில வக்கீலா ஆனாரா?"

"ஆகலை. அவர் படிச்ச நோட்டீசால ஒன்பது பட்டறை நிக்கறது. நீங்க முழுசாப் படிச்சதால என்ன நிக்கறதுன்னு சொல்லுங்கோ."

கூட்டத்தில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. நீங்கள் இருந்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பீர்கள்.

இன்று அவர் கடிதத்தைப் படித்ததும் விதிப்புத்தகத்தை எடுத்தேன். முதலில் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: இந்த அட்டையை அகற்ற அவருக்கு அதிகாரம் உண்டா? பிறகு உங்கள் பட்டையை வைத்து வரிவரியாக இறங்கினேன். விதி பதினொன்று, செயலர் மேற்கோள் காட்டிய இடத்தில் முடியவில்லை. அங்கே ஒரு காற்புள்ளி இருக்கிறது. அதற்குப் பின், 'அது வாசிப்புக்கு உதவும் குறிப்பாக இருந்தாலொழிய' என்றிருக்கிறது. நானே எழுதினேன், நானே மறந்துபோனேன். நம் மொழியில் முக்கியமான சொல் கடைசியில் நிற்கும். முழுவதும் படிக்க வேண்டும் என்றவர் அதுவரை வரவில்லை.

ஆனால் ஒன்று, பாய். அந்த 'ஒழிய' அங்கே இல்லாதிருந்தாலும் நான் ஒட்டியிருப்பேன். விதியை எழுதியவனுக்கு அதை எங்கே மீற வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள்.

பட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. வியர்வையில் கறுத்துவிட்டது, உங்கள் விரல் பதிந்த பள்ளம் மாறவில்லை. ஞாயிறு காலை வாசகசாலை திறந்ததும் அட்டை அதே இடத்துக்குப் போகும். பக்கத்தில் விதிப்புத்தகத்தின் பக்கம், 'ஒழிய'வைச் சுற்றி நீல வட்டத்துடன். டப்பாவில் பாதிப் பசை மீதி இருக்கிறது. இந்த முறை இரண்டு பூச்சு.